பாரம்பரிய அரிசி நேரடி விற்பனை: ஒருமுறை வாங்கியவரை மீண்டும் வாங்க வைப்பது எப்படி?



மாப்பிள்ளைச் சம்பா, கிச்சிலிச் சம்பா, தூயமல்லி, கருப்புக் கவுனி போன்ற ரகங்களுக்கு இன்று விதை கிடைப்பது பெரிய சிரமம் இல்லை. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 'நெல்' ஜெயராமன் 2006 முதல் நடத்திய நெல் திருவிழாக்களில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. இரண்டு கிலோ விதை வாங்கிச் சென்றவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். இப்படியே பல ரகங்கள் பல மாவட்டங்களுக்குப் பரவின.

விளைவித்த பிறகு விற்பதில்தான் சிரமம் இருக்கிறது. சாதாரண நெல்லுக்கு அரசு கொள்முதல் நிலையம் இருக்கிறது. சிவப்பு, கருப்பு அரிசி ரகங்களை அந்த நிலையத்தை நம்பிப் பயிரிட முடியாது. வியாபாரியும் கொஞ்சம்தான் எடுப்பார், அதுவும் அவர் சொல்லும் விலைக்கு. அதனால் பலர் தாங்களே அரைத்து, பையில் போட்டு, நகரத்தில் இருப்பவர்களுக்கு நேரடியாக விற்கத் தொடங்குகிறார்கள். முதல் மாதம் உறவினர், நண்பர்கள் எல்லோரும் வாங்குகிறார்கள். மூன்றாவது மாதம் போன் வருவதில்லை. அரைத்து வைத்த அரிசியில் வண்டு விழுகிறது. அடுத்த பட்டத்தில் பழைய ரகத்துக்கே திரும்பிவிடுகிறார்கள்.

இது விளம்பரம் போதாததால் வரும் சிக்கல் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது காரணமல்ல. முதல் முறை வாங்கியவர் இரண்டாவது முறை வாங்காததுதான் காரணம். அவரை எப்படித் தக்கவைப்பது என்பதை இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம்.

ஒரு ஏக்கருக்கு எத்தனை வாடிக்கையாளர் தேவை?

முதலில் ஒரு கணக்கு. இதில் உள்ள எண்கள் உதாரணத்துக்கு மட்டுமே. உங்கள் வயலின் எண்களைப் போட்டு நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

• ஒரு ஏக்கரில் 60 கிலோ மூட்டை 20 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,200 கிலோ நெல்.
• விதைக்கும் வீட்டுக்கும் 200 கிலோ போக விற்பனைக்கு 1,000 கிலோ நெல்.
• 100 கிலோ நெல்லுக்கு 60 கிலோ அரிசி என்றால் 600 கிலோ அரிசி கிடைக்கும்.
• ஒரு குடும்பம் மாதம் 10 கிலோ வாங்கினால் ஆண்டுக்கு 120 கிலோ.

600 கிலோவை 120 ஆல் வகுத்தால் 5 வருகிறது. அதாவது, ஓர் ஏக்கர் அரிசியை ஆண்டு முழுவதும் விற்க ஐந்து குடும்பங்கள் போதும். இரண்டு ஏக்கருக்குப் பத்துக் குடும்பங்கள்.

இதே அரிசியை, ஒருமுறை 5 கிலோ வாங்கிவிட்டுத் திரும்பி வராதவர்களை வைத்து விற்க வேண்டுமானால் 120 பேர் தேவை. ஒவ்வொருவரிடமும் ரகத்தைப் பற்றிப் பேச வேண்டும், மாதிரி கொடுக்க வேண்டும், முகவரி வாங்க வேண்டும், பார்சல் போட வேண்டும். வயலையும் பார்த்துக்கொண்டு இதைச் செய்ய ஒரு குடும்பத்தால் முடியாது. எனவே ஆயிரம் பேரிடம் போய்ச் சேர்வதைவிட, ஏக்கருக்கு ஐந்து குடும்பங்களைத் தக்கவைப்பதே உங்கள் இலக்காக இருக்கட்டும். நடுவில் சிலர் நின்றுவிடுவார்கள் என்பதால் எட்டுக் குடும்பங்களில் தொடங்குங்கள்.

எந்த அரிசி தினமும் செலவாகும்?

கருப்புக் கவுனியைக் கேட்டு வருபவர்கள் அதிகம். ஆனால் நகரத்து வீட்டில் அது பொங்கலுக்கும் இனிப்புக்கும் கஞ்சிக்கும்தான் பயன்படுகிறது. ஒரு கிலோ வாங்கினால் இரண்டு மாதம் இருக்கும். மாப்பிள்ளைச் சம்பா கஞ்சிக்கும் இட்லிக்கும் நன்றாக இருக்கும். மதியச் சோற்றுக்குப் பலரும் விரும்புவது வெள்ளையான, சன்னமான அரிசி. கிச்சிலிச் சம்பா, தூயமல்லி போன்றவை இதற்குப் பொருந்தும்.

மாதாமாதம் வாங்க வைப்பது இந்தச் சோற்று அரிசிதான். எனவே வெள்ளை ரகம் ஒன்றை முதன்மையாகவும், சிவப்பு அல்லது கருப்பு ரகம் ஒன்றைக் கூடுதலாகவும் வைத்துக்கொள்ளுங்கள். கவுனியை மட்டும் மூன்று ஏக்கரில் போட்டுவிட்டு வாடிக்கையாளரைத் தேடுவது கடினம்.

நெல்லாக வையுங்கள், தேவைக்கு அரையுங்கள்

அறுவடை முடிந்ததும் மொத்த நெல்லையும் அரைத்து வைப்பது பலர் செய்யும் தவறு. உமியோடு இருக்கும் நெல் நீண்ட நாள் தாங்கும். அரிசி அப்படித் தாங்காது. தவிடு நீக்காத அரிசியில் தவிட்டு எண்ணெய் இருப்பதால் சில மாதங்களில் சிக்கு வாடை வந்துவிடும்.

• நெல்லை 12 முதல் 13 சதவீத ஈரப்பதத்துக்குக் காயவைத்துச் சேமியுங்கள். கடித்தால் நசுங்காமல் 'டக்' என்று உடைய வேண்டும்.
• மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள்.
• முன்பதிவு பார்த்து மாதம் ஒருமுறை அரையுங்கள். 'ஒவ்வொரு மாதமும் முதல் வாரம் அரைப்போம், இரண்டாவது வாரம் அனுப்புவோம்' என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள்.
• மில்லில் உங்கள் நெல்லுக்கு முன் வேறு நெல் அரைத்திருந்தால், முதலில் வரும் சில கிலோ அரிசியைத் தனியாகப் பிடித்து வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.
• தவிடு எவ்வளவு நீக்க வேண்டும் என்பதை முடிவு செய்து, ஒவ்வொரு முறையும் அதே அளவில் அரைக்கச் சொல்லுங்கள். போன மாதம் சிவப்பாக இருந்த அரிசி இந்த மாதம் வெளுத்துப் போனால், நீங்கள் அரிசியை மாற்றிவிட்டதாகவே வாடிக்கையாளர் நினைப்பார்.

மாதம் ஒருமுறை அரைப்பதில் இன்னொரு பயன் உண்டு. விற்காத அரிசி உங்களிடம் தேங்காது. பணமும் முடங்காது.

விலையை ஒருமுறை சரியாக வையுங்கள்

வெளியில் விற்கும் விலையைப் பார்த்து விலை வைப்பதைவிட, உங்கள் செலவிலிருந்து தொடங்குங்கள். கீழே உள்ளதும் உதாரணம்தான்.

• 100 கிலோ நெல் உற்பத்திச் செலவு, குடும்ப உழைப்பின் கூலியும் சேர்த்து: ரூ.3,600
• அவித்தல், அரவை, கல் நீக்குதல்: ரூ.500
• பை, சீட்டு: ரூ.200
• மொத்தம்: ரூ.4,300
• 60 கிலோ அரிசிக்கு, கிலோவுக்கு: சுமார் ரூ.72
• போன், போக்குவரத்து, மாற்றிக் கொடுக்கும் அரிசி: கிலோவுக்கு ரூ.6
• லாபம்: கிலோவுக்கு ரூ.12
• விற்பனை விலை: கிலோ ரூ.90, பார்சல் செலவு தனி

இதில் 'மாற்றிக் கொடுக்கும் அரிசி' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். இருபது பையில் ஒன்றை மாற்றிக் கொடுக்க நேர்ந்தாலும் கிலோவுக்கு நான்கு ரூபாய்க்குள்தான் வரும். அதை விலையில் முன்கூட்டியே சேர்த்துவிட்டால், குறை வரும்போது மனம் கலங்காமல் மாற்றிக் கொடுக்கலாம்.

ஒருவருக்கு ஒரு விலை, இன்னொருவருக்கு வேறு விலை என்று விற்காதீர்கள். ஒரே குடியிருப்பில் இருப்பவர்கள் பேசிக்கொள்வார்கள். விலையை உயர்த்த வேண்டி வந்தால் ஒரு மாதம் முன்பே காரணத்தோடு சொல்லுங்கள். அரவைக் கூலி ஏறியது, மழையில் மகசூல் குறைந்தது என்று உள்ளதைச் சொன்னால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வார்கள். பையைக் கையில் கொடுத்துவிட்டு விலை ஏறிவிட்டது என்றால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

பார்சலைப் பொறுத்தவரை, லாரி பார்சலில் 5 கிலோவுக்கும் 25 கிலோவுக்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. எனவே ஒரே தெருவில், ஒரே குடியிருப்பில் இரண்டு மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து வாங்கச் சொல்லுங்கள். புது வாடிக்கையாளரைத் தேட இதைவிடச் சுலபமான வழி இல்லை.

முதல் பையோடு சமையல் குறிப்பும் போகட்டும்

வாடிக்கையாளர் திரும்பி வராததற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அவருக்கு அந்த அரிசியைச் சமைக்கத் தெரியவில்லை. கடை அரிசிக்கு வைப்பது போலவே தண்ணீர் வைத்து, ஊறவைக்காமல் குக்கரில் போடுகிறார். சிவப்பு அரிசி வேகாமல் கடிக்கிறது. குழந்தைகள் சாப்பிட மறுக்கிறார்கள். மீதி நான்கு கிலோ அலமாரியில் கிடக்கிறது. இவர் உங்களிடம் குறை சொல்ல மாட்டார். மறுபடி வாங்காமல் இருந்துவிடுவார்.

இதைத் தவிர்ப்பது எளிது. விற்கும் அரிசியை உங்கள் வீட்டில் குக்கரில் சமைத்துப் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஊற வேண்டும், ஒரு டம்ளருக்கு எத்தனை டம்ளர் தண்ணீர், எத்தனை விசில் என்று எழுதிக்கொள்ளுங்கள். தவிட்டின் அளவையும் அரிசியின் வயதையும் பொறுத்து இது மாறும் என்பதால் ஒவ்வொரு அரவையிலும் ஒருமுறை சோதிப்பது நல்லது. அந்தக் குறிப்பைச் சிறு சீட்டில் எழுதிப் பையில் போடுங்கள்.

• சிவப்பு அரிசியை முதல் நாள் இரவே ஊறவைக்கச் சொல்லுங்கள்.
• முதல் வாரம் வழக்கமான அரிசியோடு பாதிக்குப் பாதி கலந்து சமைக்கலாம் என்று சொல்லுங்கள்.
• அறுவடையான உடனே அரைத்த புது அரிசி குழையும். தை, மாசியில் அனுப்பும்போது 'இது புது அரிசி, தண்ணீரைக் குறைத்து வையுங்கள்' என்று கட்டாயம் சொல்லுங்கள்.
• முதல் முறை வாங்குபவருக்கு 25 கிலோ விற்காதீர்கள். 2 கிலோ அல்லது 5 கிலோ போதும் என்று நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையிலேயே உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

வாடிக்கையாளர் நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம். பெயர், போன் எண், ஊர், வீட்டில் எத்தனை பேர், எந்த ரகம், எத்தனை கிலோ, அனுப்பிய தேதி, பணம் வந்த தேதி, அவர் சொன்ன குறை அல்லது பாராட்டு, அடுத்து எப்போது தேவைப்படும் ஆகியவற்றை எழுதுங்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம். ஜூன் 5 ஆம் தேதி 10 கிலோ வாங்கிய குடும்பத்துக்கு மாதம் 10 கிலோ செலவு என்றால், ஜூலை 5 வாக்கில் அரிசி தீரும். ஜூன் 27 அன்று ஒரு செய்தி அனுப்புங்கள். ஜூலை 6 ஆம் தேதி அனுப்பினால், அதற்குள் அவர் கடையில் 25 கிலோ சிப்பம் வாங்கியிருப்பார். அடுத்த இரண்டு மாதம் உங்களுக்கு வேலை இல்லை.

செய்தி சுருக்கமாக இருக்கட்டும். சில மாதிரிகள்:

அனுப்பிய மறுவாரம்: 'வணக்கம் அம்மா. அரிசி வந்து சேர்ந்ததா? சோறு எப்படி வந்தது? ஏதாவது குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.'

தீரும் முன்: 'வணக்கம் ஐயா. அடுத்த வாரம் கிச்சிலிச் சம்பா அரைக்கிறோம். போன மாதம் போலவே 10 கிலோ எடுத்து வைக்கட்டுமா?'

இருப்பு இல்லாதபோது: 'வணக்கம் அம்மா. எங்கள் வயல் தூயமல்லி தீர்ந்துவிட்டது. அடுத்த அறுவடை தை மாதம். அதுவரை பக்கத்து ஊர் விவசாயியின் அரிசி இருக்கிறது. அவர் வயலை நான் பார்த்திருக்கிறேன். வேண்டுமானால் சொல்லுங்கள்.'

மூன்றாவது செய்தியைக் கவனியுங்கள். சரக்கு தீர்ந்ததும் வெளியில் வாங்கி, சொந்த வயல் அரிசி என்று கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தினமும் அதே சோற்றைச் சாப்பிடுபவருக்கு வித்தியாசம் தெரிந்துவிடும். உள்ளதைச் சொன்னால் அவர் காத்திருக்கவும் தயாராக இருப்பார்.

வாட்ஸ்அப் குழுவா, ஒளிபரப்புப் பட்டியலா?

குழு தொடங்கினால் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் பேரம் பேசினால் மற்றவர்களும் பேசுவார்கள். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே உங்கள் செய்தி காணாமல் போகும். 'பிராட்காஸ்ட்' என்னும் ஒளிபரப்புப் பட்டியலில் அனுப்பினால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி போகும். ஆனால் உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். எனவே முதல் பை கொடுக்கும்போதே எண்ணைச் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாதம் மூன்று நான்கு செய்திகளுக்கு மேல் வேண்டாம். நடவு, களையெடுப்பு, கதிர் முற்றுவது, களத்தில் காய்வது என்று உங்கள் வயலின் படங்களை அனுப்புங்கள். மழையில் பயிர் சாய்ந்தாலும் அதையும் அனுப்பலாம். தம் சோறு எங்கே விளைகிறது என்று பார்த்தவர்கள் எளிதில் வேறு இடத்துக்குப் போக மாட்டார்கள்.

வண்டு வந்தது என்று போன் வந்தால்

இந்த அழைப்பு ஒருநாள் கட்டாயம் வரும். 'வண்டு இருந்தால்தான் அது இயற்கை அரிசி' என்று பதில் சொல்லும் வழக்கம் பரவியிருக்கிறது. அப்படிச் சொல்லாதீர்கள். கூன்வண்டு அரிசியைத் துளைத்து உள்ளே முட்டை வைக்கும். அது கண்ணுக்குத் தெரியாது. நல்ல அரிசியாக அனுப்பியதிலும் சில வாரங்கள் கழித்து வண்டு வெளியே வரலாம். காரணத்தை விளக்கலாம், ஆனால் குறையைப் பெருமையாகப் பேசக் கூடாது.

செய்ய வேண்டியவை:

1. முழுவதையும் கேளுங்கள். நடுவில் மறுத்துப் பேசாதீர்கள்.
2. படம் அனுப்பச் சொல்லுங்கள். பையில் உள்ள அரவைத் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.
3. அன்றே முடிவு சொல்லுங்கள். மாற்று அரிசி அனுப்பலாம், அல்லது பணத்தைத் திருப்பித் தரலாம். எது வேண்டும் என்று அவரே சொல்லட்டும்.
4. அதே தேதியில் அரைத்த அரிசி வாங்கிய மற்றவர்களுக்கு நீங்களே போன் செய்து, 'அரிசியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்' என்று சொல்லுங்கள்.
5. நோட்டில் எழுதுங்கள். ஒரே மில், ஒரே மூட்டை என்று திரும்பத் திரும்ப வந்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும்.

மேலே சொன்ன கணக்குப்படி 5 கிலோ மாற்றிக் கொடுக்க உங்களுக்கு ஆகும் செலவு ரூ.360, அதோடு பார்சல். அந்தக் குடும்பம் ஆண்டு முழுவதும் வாங்கினால் கிடைக்கும் லாபம் ரூ.1,440. அவர் சொல்லி வரும் அடுத்த குடும்பம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

அரிசியைப் பாதுகாக்கும் முறையையும் சொல்லிக்கொடுங்கள். ஒரு மாதத் தேவைக்கு மட்டும் வாங்க வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். சிறிய அளவாக இருந்தால் நான்கு நாட்கள் ஃபிரீசரில் வைத்து எடுத்தால் முட்டைகள் அழிந்துவிடும். வெளியே எடுத்ததும் ஈரம் போக உலர்த்திவிட்டு டப்பாவில் போட வேண்டும். நீங்களும் வீட்டில் வைக்கும் அரிசியில் பூச்சிக்கொல்லி மாத்திரைகளைப் போடாதீர்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து வரும் நச்சு வாயு உயிரைப் பறிக்கக்கூடியது.

சொல்லக் கூடாதவை

'இந்த அரிசி சாப்பிட்டால் சர்க்கரை நோய் குணமாகும்' என்று சொல்லி விற்காதீர்கள். எந்த ரகமானாலும் அரிசியில் மாவுச்சத்துதான் அதிகம். உங்கள் பேச்சை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் அவர் உடல் கெடும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006 இன்படி, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். தவிடு உள்ளது, நார்ச்சத்து உள்ளது, எங்கள் வயலில் விளைந்தது என்று உண்மையை மட்டும் சொன்னாலே போதுமானது.

'இயற்கை விளைபொருள்' முத்திரையைச் சான்று இருந்தால் மட்டுமே அச்சிடுங்கள். சான்று இல்லாதவர்கள் எதைப் போட்டீர்கள், எதைப் போடவில்லை என்று அப்படியே சொல்லுங்கள். 'நடவுக்கு முன் தொழு உரம், பசுந்தாள் உரம். ஒருமுறை யூரியா போட்டேன்' என்றால் அதையே சொல்லுங்கள். ஏற்பவர் வாங்குவார்.

பதிவும் பைச்சீட்டும்

அரிசியாக அரைத்துப் பையில் போட்டு விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவை. உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டு, சிறு உற்பத்தியாளருக்கான பதிவைப் பெறுங்கள். 14 இலக்க எண் ஒன்று தருவார்கள். பையில் பொருளின் பெயர், உங்கள் பெயர், முகவரி, நிகர எடை, பையிட்ட மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, குறை சொல்வதற்கான போன் எண், பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். எடை போடும்போது பையின் எடையைக் கழித்துவிட்டு அரிசியை நிறுங்கள். 5 கிலோ பையில் 50 கிராம் கூடுதலாகப் போட்டால் பெரிய நஷ்டம் இல்லை. 50 கிராம் குறைந்தால் பேர் கெட்டுவிடும்.

பணம் வாங்கும்போது கவனம்

புது வாடிக்கையாளரிடம் முன்பணம் பெறுங்கள். பழைய வாடிக்கையாளருக்குக் கடன் கொடுத்தால் தேதி சொல்லிக் கொடுங்கள். போனில் பணம் அனுப்பியதாகப் படம் மட்டும் காட்டினால் நம்பாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே சரக்கைக் கொடுங்கள். பார்க்காமலே 200 கிலோ வேண்டும் என்று கேட்டு, 'பணம் அனுப்புகிறேன், இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்' என்று சொல்பவர் மோசடிக்காரர். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.

இந்தப் பட்டத்தில் எங்கிருந்து தொடங்கலாம்?

முதல் ஆண்டிலேயே முழு விளைச்சலையும் நேரடியாக விற்க முயல வேண்டாம். அரை ஏக்கர் அளவு மட்டும் ஒதுக்குங்கள். தெரிந்த குடும்பங்கள் நான்கைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு 2 கிலோ சமையல் குறிப்போடு கொடுங்கள். பணம் வாங்கிக்கொண்டே கொடுங்கள், இலவசமாகக் கொடுத்தால் உண்மையான கருத்து வராது. ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். அவர்களில் எத்தனை பேர் இரண்டாவது முறை கேட்டார்கள் என்று நோட்டில் குறியுங்கள். மூன்று பேர் கேட்டால் பரப்பைக் கூட்டலாம். ஒருவர்கூடக் கேட்கவில்லை என்றால், அரிசியிலா, அரவையிலா, சமையல் குறிப்பிலா, எங்கே குறை என்று கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு அடுத்த நான்கு குடும்பங்களுக்குப் போங்கள்.

நெல் சேமிப்பு, மதிப்புக்கூட்டல் பயிற்சிகளுக்கு உங்கள் மாவட்டத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். சந்தேகங்களுக்குக் கிசான் அழைப்பு மையத்தின் 1800 180 1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம்.